கையெழுத்துக்குக் கிடைக்கும் சம்பளம்

அத்தியாயம் 5: எஸ்பிஎம்முக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு

எஸ்பிஎம் முடிவு வெளியாகும் வாரத்தில் ஜொகூரின் கூலாயில் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், ரெண்டு வருஷத்துல முடியணும். முடிச்சதும் நல்ல சம்பளம் வரணும். அப்படி ஒரு படிப்பு இருந்தா சொல்லுங்க." கேட்பவர் லாரி ஓட்டுபவராக இருப்பார். அல்லது செனாய் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவராக, விடியுமுன்னே சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்புபவராக இருப்பார். அந்தக் கேள்வியில் பேராசை எதுவும் இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், மூத்ததை நான்கு ஐந்து வருடம் படிக்கவைக்கக் கையில் காசில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். இந்த அத்தியாயம் அவருக்காக எழுதியது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு வருடத்தில் முடிகிற 'டிகிரி' அமெரிக்காவில் உண்டு. அங்கே அதை அசோசியேட் டிகிரி என்பார்கள். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. நமக்கு அதற்கு நெருக்கமானது டிப்ளோமா, அதாவது நான்காம் நிலை. இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்கு இரண்டு முதல் இரண்டரை வருடம் ஆகும். பாலிடெக்னிக்கில் தொழிற்பயிற்சியையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். இதற்கு இணையாகத் திறன் வழி ஒன்று ஓடுகிறது. எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, நான்காம் நிலையில் டிகேஎம் எனும் மலேசியத் திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் டிஎல்கேஎம் எனும் உயர்நிலை டிப்ளோமா. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இந்த வழிக்குச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. நம் வீடுகளில் இதை இன்னும் 'படிக்காத பிள்ளை போற எடம்' என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பால் நல்ல சம்பளத்தை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படிப்பின் பெயரைப் பார்க்கும் முன், அது எந்தக் கையெழுத்தில் போய் முடிகிறது என்று பாருங்கள். சில வேலைகளில், இந்த இயந்திரத்தை இன்ன தகுதி உள்ளவர்தான் இயக்கலாம், இன்ன சான்றிதழ் வைத்திருப்பவர்தான் சோதித்துக் கையெழுத்துப் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. அந்த ஆள் இல்லாமல் முதலாளியால் தொழில் நடத்த முடியாது. அதனால் அந்தக் கையெழுத்துக்கு என்று தனி விலை இருக்கிறது. இரண்டு வருடப் படிப்புக்கு நல்ல சம்பளம் கிடைக்கிற இடங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்தக் காரணம்தான் பின்னால் நிற்கும். அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அசோசியேட் டிகிரியோடு நுழையக்கூடிய பல் சுகாதாரப் பணியாளர் வேலையின் நடுமட்டச் சம்பளம் 2023இல் ஆண்டுக்கு 87,530 டாலர் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் கணக்குக் காட்டியது. மாநில உரிமம் இல்லாமல் அங்கே யாரும் அந்த வேலையைத் தொட முடியாது. அதே இரண்டு வருடத்தைப் பொதுவான வணிகப் படிப்பில் செலவழித்தவருக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. அவர் செய்கிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

கூலாய்க்கு வருவோம். நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய, பிறகு செம்பனைக் குலை அறுத்த நிலம் இன்று வேறு பயிர் விளைவிக்கிறது. கூலாய் யங் தோட்டத்தில் 660 ஹெக்டேருக்கு மேலான நிலம் 2022இல் ஒய்டிஎல் நிறுவனத்துக்குக் கைமாறியது. அங்கே 500 மெகாவாட் திறனைக் குறியாக வைத்துத் தரவு மையப் பூங்கா எழும்புகிறது. என்விடியாவோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை அங்கே அமைக்கப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். வடக்கே செடெனாக்கில் ஜொகூர் மாநிலத்தின் ஜேகோர்ப் குழுமம் உருவாக்கிய தொழில்நுட்பப் பூங்காவிலும் தரவு மையங்கள் வரிசையாக வந்துவிட்டன. 2025 ஜனவரி 7ஆம் தேதி கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் செடெனாக்கும் செனாய்-ஸ்கூடாயும் இடம்பெற்றிருக்கின்றன. வேலை நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறான முடிவு எடுக்கின்றன. தரவு மையம் என்றதும் "கம்ப்யூட்டர் படி" என்று பிள்ளையை ஐடி டிப்ளோமாவில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் இரவு பகலாக நடப்பது என்ன என்று யோசியுங்கள். ஒரு சிறு நகரத்துக்குப் போதுமான மின்சாரம் உள்ளே போகிறது. அவ்வளவும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை நொடி தவறாமல் வெளியே தள்ள வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரி தாங்க வேண்டும், பேட்டரி தீருமுன் டீசல் ஜெனரேட்டர் எழுந்துகொள்ள வேண்டும். சர்வரில் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர் வேறு ஏதோ நாட்டில் உட்கார்ந்திருப்பார். கூலாயில் நேரில் இருந்தே ஆக வேண்டியவர்கள் மின்சாரம் பார்ப்பவர்களும் குளிரூட்டல் பார்ப்பவர்களும்தான். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இப்படிப்பட்ட மையத்தைக் கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். ஓட ஆரம்பித்ததும் தேவை வெகுவாகச் சுருங்கிவிடும். அந்தக் குறைந்த இடங்களுக்குள் நுழைய, அவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படுகிற சான்றிதழ் நம் கையில் இருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழ்களில் கூலாய்க்கு மிகவும் பொருந்துவது சார்ஜ்மேன் சான்றிதழ். மலாயில் பெஞ்சாகா ஜெந்தெரா எலெக்ட்ரிக். 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் அதன் கீழ் வந்த 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மின் அமைப்பு உள்ள இடங்களில் தகுதி பெற்ற ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தத் தகுதியைக் கொடுப்பது சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம். 'ஏ' வகை குறைந்த மின்னழுத்தத்துக்கு, அதாவது 1,000 வோல்ட்டுக்குள். 'பி' வகை உயர் மின்னழுத்தத்துக்கு. இதற்குக் கீழ்ப்படியில் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறது, ஒற்றை முனைக்குத் தனி, மும்முனைக்குத் தனி. தொழிற்சாலை, பேரங்காடி, மருத்துவமனை, நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தரவு மையம் என்று எங்கே போனாலும் இந்த ஆளைத் தேடுகிறார்கள். ஒரு கம்பெனி மூடினால் அடுத்த கம்பெனிக்கு அதே சான்றிதழோடு போகலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

வழி எப்படி? பிள்ளை மின்னியலில் எஸ்கேஎம் அல்லது டிப்ளோமா முடிக்க வேண்டும். வேலையில் சேர்ந்து அனுபவம் சேர்க்க வேண்டும். பிறகு ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்துத் தேர்வு எழுதி முதலில் 'ஏ' வகை, சில வருடம் கழித்து 'பி' வகை. டிப்ளோமா தாள் மட்டும் கையில் இருந்தால் சாதாரண டெக்னீஷியன் சம்பளம்தான். உயர்வு வருவது இந்தப் படிகளில் ஏறும்போது. ஆகவே ஒரு நிலையத்தில் சேரும் முன் அவர்களிடம் நேராகக் கேளுங்கள்: "உங்கள் படிப்பு எரிசக்தி ஆணையத்தின் எந்தத் தகுதித் தேர்வுக்குக் கொண்டுபோகும்? ஆணையத்தின் அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா?" தெளிவாகப் பதில் சொல்லும் நிலையத்துக்கும் பேச்சை விளையாட்டு அரங்கத்தின் பக்கம் திருப்பும் நிலையத்துக்கும் வித்தியாசம் உங்களுக்கே புரிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். மின்பலகையின் முன் நிற்கத் தேவையானது கவனமும் ஒழுங்கும், அவை நம் பெண்களிடம் நிறையவே இருக்கின்றன. ஷிஃப்ட் வேலை, இரவில் வீடு திரும்புவது என்பது உண்மையான கவலை. அதை வேலை தரும் இடத்தில் போக்குவரத்து ஏற்பாட்டைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள், படிப்பை மாற்றித் தீர்க்காதீர்கள்.

குளிரூட்டல் படிப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். ஏர்கான் கழுவுகிற வேலை என்று நினைப்பவர்கள், ஒரு தரவு மையத்தின் சில்லர் அறைக்குள் ஒருமுறை நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள் மறந்துபோகிற இன்னொரு கையெழுத்து உண்டு. செம்பனை ஆலையில் பழக்குலையை நீராவியில் வேகவைக்கக் கொதிகலன் வேண்டும். பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் ஓட்டையும் எரித்தே அதைச் சூடாக்குகிறார்கள். அந்தக் கொதிகலனை ஓட்ட, தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் வேண்டும். நம் ஆட்கள் மூன்று தலைமுறையாக ஆலையைச் சுற்றி வேலை பார்த்தவர்கள். ஆலைக்குள்ளே அந்தச் சான்றிதழோடு நிற்கும் பேரப்பிள்ளைகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை.

அதே துறை பார்க்கிற பாதுகாப்பு வேலையும் வளர்கிறது. பெரிய தொழிற்சாலைகளும் கட்டுமான இடங்களும் பாதுகாப்பு, சுகாதார அதிகாரி வைத்திருப்பது 1997 முதலே கட்டாயம். 2024 ஜூன் 1 முதல், அந்த அதிகாரி தேவைப்படாத, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்கள்கூட ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. ஆனால் பதினெட்டு வயதில் நேராக இதற்குள் போக வேண்டாம். முதலில் ஒரு தொழிற்சாலையின் வேலையைக் கற்றுக்கொண்ட பிறகு போனால்தான் நீங்கள் சொல்வதைத் தொழிலாளி கேட்பார்.

சட்டக் கையெழுத்து இல்லாமலே நல்ல சம்பளம் தருகிற ஒரு தொழிலும் நம் ஊரில் உண்டு, அது அச்சு செய்யும் வேலை. செனாயில் விஎஸ் இண்டஸ்ட்ரி போன்ற பிளாஸ்டிக், மின்னணுத் தயாரிப்பு நிறுவனங்கள் பெரிய அளவில் நடக்கின்றன. பிளாஸ்டிக் பொருள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எஃகில் செதுக்கிய அச்சு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருள் பொருந்தாது. சிஎன்சி இயந்திரத்தை இயக்குபவர் நிறையப் பேர். அச்சை வரைந்து, வெட்டி, குறை கண்டு திருத்தத் தெரிந்தவர் குறைவு. அந்தக் குறைவுதான் இங்கே சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. பொறுமையும் கணக்கும் உள்ள பிள்ளைக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

இரண்டு வருடம் என்ற கணக்கை ஓர் இடத்தில் மட்டும் தளர்த்தச் சொல்வேன். தாதிமை டிப்ளோமா மூன்று வருடம். எஸ்பிஎம்மில் மலாய், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் கிரெடிட் கேட்பார்கள். முடித்ததும் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வு, பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணிச் சான்றிதழ். இதுவும் சட்டம் காக்கிற கையெழுத்துதான், உலகம் முழுவதும் ஆள் தேவைப்படுகிற கையெழுத்து. அந்த மூன்றாவது வருடத்துக்காக வீட்டில் நகை அடகுக்குப் போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கணக்கியல் டிப்ளோமா நல்லது, ஏசிசிஏ போன்ற தொழில்முறைத் தேர்வுகளைத் தொடர்ந்து எழுதும் மனம் இருந்தால். 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக வந்த மின்-விலைப்பட்டியல் முறை சிறிய கம்பெனிகளுக்கும் கணக்கு தெரிந்த ஆளைத் தேவைப்பட வைத்திருக்கிறது. வணிக நிர்வாகம், அலுவலக மேலாண்மை, பொதுவான 'மேனேஜ்மென்ட்' டிப்ளோமாக்களைப் பற்றி எனக்கு நல்ல அனுபவம் இல்லை. குழந்தைப் பருவக் கல்வி புனிதமான வேலை, பிள்ளைக்கு அதில் உண்மையான பற்று இருந்தால் தடுக்காதீர்கள். ஆனால் பாலர் பள்ளிச் சம்பளம் பொதுவாக எப்படி இருக்கும் என்பதைச் சேரும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முடியாது. அங்கே திறனாளர்களுக்கான வேலை அனுமதியான எஸ் பாஸ் கிடைக்க, 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பதாரருக்குக் குறைந்தது 3,300 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் இருக்க வேண்டும், வயது கூடக் கூட அதுவும் கூடும். நிறுவனத்துக்குக் கோட்டாவும் இருக்கிறது. தரமான டிப்ளோமாவோடு போனால் அந்தக் கதவைத் தட்டலாம்; தாள் இல்லாமல் போனால் வொர்க் பெர்மிட்தான். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் பாதை, 2026 இறுதியைக் குறியாக வைத்துக் கட்டப்பட்டது. பயணம் அதனால் சுலபமாகலாம், ஆனாலும் கூலாயிலிருந்து எல்லைக்கே முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. மின்னியல் பிள்ளைகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நம் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் அக்கரையில் செல்லாது. அங்கே மின்பணியாளர் உரிமத்தை அவர்களுடைய எரிசக்திச் சந்தை ஆணையம் தனியாகத் தருகிறது. வெள்ளி மதிப்பை மட்டும் பார்த்துப் போய், பத்து வருடம் கழித்து இங்கே சான்றிதழும் இல்லாமல் அங்கே உரிமமும் இல்லாமல் திரும்பி வருவதுதான் நான் பயப்படுகிற விஷயம்.

எங்கே படிப்பது? அரசு நிலையங்களை முதலில் பாருங்கள். பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக், பாகோவில் துன் சையத் நாசிர் பாலிடெக்னிக், மெர்சிங்கில் இன்னொன்று. பாலிடெக்னிக்கில் கல்விக்கட்டணம் செமஸ்டருக்கு 200 ரிங்கிட். மற்றக் கட்டணமும் சாப்பாடும்தான் உங்கள் செலவு. மனிதவளத் துறையின் அட்தெக் நிலையங்கள் பத்து பஹாட்டிலும் பாசிர் கூடாங்கிலும் இருக்கின்றன. பாலிடெக்னிக், சமூகக் கல்லூரிகளுக்கு யூபியு வழியாகவும், அட்தெக் போன்ற திறன் நிலையங்களுக்கு யூபி டிவெட் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வந்தபின் யோசிக்க அதிக நாள் கிடைக்காது, ஆகவே தேர்வு எழுதி முடித்த மாதத்திலேயே இரண்டு பட்டியலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளோமாவுக்குப் பொதுவாக மூன்று கிரெடிட் கேட்பார்கள். கிரெடிட் குறைந்துபோன பிள்ளைக்கும் வழி மூடவில்லை. எஸ்எல்டிஎன் எனும் இரட்டைப் பயிற்சி முறையில் பெரும்பகுதி நேரம் தொழிற்சாலையிலும் மீதி நேரம் பயிற்சி நிலையத்திலும் கழியும். ஜெர்மனி நாட்டு முறையை ஒட்டி 2005இல் இங்கே வந்தது. எஸ்கேஎம் மூன்றிலிருந்து டிப்ளோமாவுக்கும், அங்கிருந்து பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கும் ஏறிப் போகலாம்.

தனியார் கல்லூரிக்குப் போவதென்றால் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பேரங்காடிக் கண்காட்சியில் பதிவுக்கட்டணம் கட்டிவிட்டு வந்தது. படிப்பின் பெயரில் டிப்ளோமா என்று இருந்தது. கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் பதிவேட்டில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. கல்லூரி தானே அச்சடித்துக் கொடுக்கிற சான்றிதழ் அது. கட்டிய பணம் திரும்பவில்லை, பிள்ளைக்கு ஒரு வருடம் போனது. எம்கியூஏவின் தகுதிப் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. படிப்பின் பெயரைத் தேடுங்கள். எண்ணுக்கு முன்னால் 'பிஏ' என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், 'எஃப்ஏ' என்றிருந்தால் முழு அங்கீகாரம். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது போதாது, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கே இருக்க வேண்டும்.

கடன் விஷயத்தில், உயர்கல்விப் படிப்புகளுக்கு பிடிபிடிஎன், எஸ்கேஎம் வழிக்கு பிடிபிகே. பிடிபிடிஎன் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு நிர்வாகக் கட்டணம் வசூலிக்கிறது. முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்று யாராவது சொன்னால், அது இளங்கலைப் பட்டத்துக்கு உள்ள சலுகை, டிப்ளோமாவுக்கு இல்லை. மொத்தக் கடனை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், அந்தப் படிப்பை முடித்த பிள்ளைகள் கூலாயிலும் செனாயிலும் வாங்குகிற முதல் மாதச் சம்பளத்தை எழுதுங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். எதுவும் படிக்காமல் சேர்ந்தாலும் கிடைக்கிற தொகை அது. இரண்டு வருடமும் முப்பதாயிரம் ரிங்கிட் கடனும் கழிந்த பிறகு வருகிற சம்பளம் அதற்குப் பக்கத்திலேயே நின்றால், அந்தப் படிப்பை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சேர நினைக்கும் நிலையத்துக்கு நேரில் போங்கள். 'ஓப்பன் டே' அன்று போகாதீர்கள். அன்று பலூனும் பேச்சும்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ காலை பத்து மணிக்கு, வகுப்பு நடக்கும் நேரத்தில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். மின்பலகையின் கைப்பிடி கை பட்டுத் தேய்ந்திருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆசிரியர் முன்பு எந்தக் கம்பெனியில் வேலை செய்தார் என்று கேளுங்கள். போன வருடம் முடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் பேச ஏற்பாடு செய்து தரச் சொல்லுங்கள். பேசும்போது, சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இங்கே படிச்சதுல எது உதவுச்சு?"